காலையில் ட்ரக்கில் டிக் டிக் சத்தம், அவசரம்

மார்க்கம்_மயூரன் (திங்கள், காலை 7:12)
வணக்கம். போன மாதம் வாங்கின ட்ரக். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், கொஞ்சம் ஓடினதும் இல்லை. வேலைக்குக் கொண்டுபோகலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கோ.

பழைய_இரும்பு
என்ன எஞ்சின்? எந்த வருடம்? எத்தனை கிலோமீட்டர்?

காவேரிக்கரை
ப்ரோ, "கொஞ்சம்" என்றால் ஒரு நிமிடமா, பத்து நிமிடமா? டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தீர்களா? ஆயில் குறைந்தாலும் டிக் டிக்தான்.

வி8_வாத்தியார்
இதையெல்லாம் வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தளத்தின் பழைய இழைகளைத் தேடிப் பார்க்க மட்டும் யாருக்கும் கை வராது. வால்வைத் தள்ளித் திறக்கும் லிஃப்டர்தான், சந்தேகமே வேண்டாம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எட்டில் நான்கு சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறதே, அந்த லிஃப்டர்கள் சிக்கிக்கொள்ளும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும். காசை எடுத்து வையுங்கள்.

காவேரிக்கரை
அவர் எட்டு சிலிண்டர் என்று எங்கே சொன்னார் சார்?

மார்க்கம்_மயூரன் (மதியம் 12:40)
மன்னிக்கவும். 2012, 5.3 லிட்டர் வி8, எட்டு சிலிண்டர்தான். 238 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒயில் சரி, எச்சரிக்கை லைட் ஒன்றும் எரியவில்லை. சத்தம் எஞ்சினில் டிரைவர் பக்கம், பின்னுக்கு. ஏழு எட்டு நிமிடத்தில் நிற்கும், குளிர் கூடின நாளில் இன்னும் நேரமெடுக்கும். துரு இல்லை, விற்றவர் கீழே புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்துத் தந்தவர்.

பழைய_இரும்பு
தம்பி, இதை முதலே சொல்லியிருக்கலாமே. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாரும், ஹெட்டிலிருந்து புகையை வாங்கி வெளியே விடுகிற குழாய். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நெடுக இப்படி இழுபட்டு, பின் கோடியில் இருக்கிற போல்டின் தலை ஒருநாள் தெறித்துவிடும். குளிரில் அந்த இடுக்கால் புகை அடிக்கிற சத்தம்தான் டிக் டிக். சூடானதும் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது முன் சக்கரத்துக்கு மேலே டார்ச் அடியும். ஹெட் ஓரத்தில் கரி படிந்திருக்கும், போல்ட் தலை இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். வேலைக்குக் கொண்டுபோகலாம், ஆனால் மூடின கராஜுக்குள் ஓடவிடாதேயும். வருவது கார்பன் மோனாக்சைடு.

வி8_வாத்தியார்
லிஃப்டரும் சூடானதும் அடங்கும்.

பழைய_இரும்பு
ஒயில் ஏறாத லிஃப்டர் சில விநாடியில் அடங்கும். சிக்கின லிஃப்டர் எட்டு நிமிடத்தில் நல்ல பிள்ளையாக மாறாது, சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் காட்டி லைட்டையும் எரிய வைக்கும்.

உப்புக்காற்று
எல்லோரும் அந்தக் கறுப்புப் பூச்சைக் கோட்டை விட்டீர்களே! பழைய ட்ரக்குக்குப் புதுப் பூச்சு என்றால் துருவை மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டத்தை, ஃப்ரேமைத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் சரி, மொத் என்றால் உள்ளே உளுத்துவிட்டது. பிரேக் லைன், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம் இரண்டையும் விடாதீர்கள்.

வி8_வாத்தியார்
பூச்சு அடித்தால் மோசடியா? என் வண்டிக்கு நானே ஒன்பது வருடமாக அடிக்கிறேன்.

உப்புக்காற்று
அதுதான் கேடு. ரப்பர் பூச்சு வெடித்தால், பனிக்கு ரோட்டில் கொட்டுகிற உப்புத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வருடா வருடம் எண்ணெய் ஸ்ப்ரே போதும்.

வி8_வாத்தியார்
உங்கள் எண்ணெய் வீட்டு டிரைவ்வேயில் சொட்டுகிறதே, அதை யார் கழுவுவது?

காவேரிக்கரை
அண்ணன்மாரே, மயூரன் இன்னும் இருக்கிறாரா? ப்ரோ, வண்டி ஓடத் தகுதி என்று தருகிற சேஃப்டி சர்டிஃபிகேட்டோடு வாங்கினீர்களா, இருந்தபடியேவா? ஒன்ராறியோவில் எக்ஸாஸ்ட் லீக் இருந்தால் சேஃப்டியில் தேறாதே.

மார்க்கம்_மயூரன் (சனி, இரவு 9:05)
போல்ட்தான். ஒன்றில்லை, இரண்டு. தலை போனதில் ஒன்றின் மேல் நட்டை வெல்டு பிடித்துத் திருப்பி எடுத்தார்கள், மற்றது வரவில்லை. துளையிட வேண்டுமாம், திங்கள் திரும்பக் கொண்டுபோகிறேன். நன்றி அண்ணை.

உப்புக்காற்று
ஃப்ரேமைத் தட்டினீர்களா?

காவேரிக்கரை
எவ்வளவு ஆச்சு ப்ரோ?