தொட்டேன்பா: பிள்ளைகளின் வகுப்புகளில் நடந்து, இன்னும் மனதை உறுத்தும் ஒரு விஷயம்

ஞாயிறு அப்பா:

செஸ், நீச்சல், அபாகஸ், கராத்தே என்று ஏதாவது ஒன்றில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வாசலில் காத்துக் கிடந்தவர்கள்தான் இங்கே அதிகம். அப்படிக் கிடந்தபோது நடந்த ஒன்று இன்னும் உறுத்தினால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்கு ஏழு வயது. எட்டு வயதுக்குட்பட்டோர் செஸ் போட்டி, நான்காவது சுற்று. பெற்றோர் எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம். அவன் ராணியின் தலையில் இரண்டு விரலை வைத்தான். வைத்த பிறகுதான் பார்த்தான் போலிருக்கிறது, சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த சிறுமி உடனே கையைத் தூக்கினாள். நடுவர் வந்து குனிந்து, "ராணியைத் தொட்டாயா?" என்றார். அந்த மேசையை வேறு யாரும் கவனிக்கவில்லை. இவன் தலையை ஆட்டி, "தொட்டேன்" என்றான். டச் மூவ், அதாவது தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ராணி எந்தக் கட்டத்துக்குப் போனாலும் வெட்டு. ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன?"

அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியது போல நிமிர்ந்து பார்த்து, "தொட்டேன்பா" என்றான். அவ்வளவுதான். மூன்று மாதம் ஆகிறது.

கரையோரம்:

எங்களுக்கு நீச்சல். மகளுக்கு ஆறு வயது, மூன்றாவது வகுப்பு. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். பயிற்சியாளர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிரித்த விரல் திரும்பவும் போய் ஒட்டிக்கொண்டது. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாக்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

ஏழெட்டு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அப்புறம் கிடைத்த பயிற்சியாளர் அக்கா முதல் நாள் நீச்சலே சொல்லித்தரவில்லை. படியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் "ம்ம்ம்" என்று முனகச் சொன்னார். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. குழந்தைக்கு இருந்த பயமே அந்த மூக்கில் ஏறும் தண்ணீர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் போகிறாள். நான் சிரித்ததை மறந்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

கறுப்புக் காய்:

ஞாயிறு அப்பா, நான் பள்ளிப் போட்டிகளில் நடுவராக இருப்பவன், அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன். "யாரும் கவனிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இடிக்கிறது. வேறு சாட்சி இல்லாதபோது நடுவரிடம் இருப்பது அந்த இரண்டு பிள்ளைகளின் வாய் வார்த்தை மட்டும்தான். உங்கள் பையன் இல்லையென்று சொல்லியிருந்தால் அநேகமாக நான் ஆட்டத்தைத் தொடரச் சொல்லியிருப்பேன். அந்தச் சிறுமியின் நிலையை யோசித்தீர்களா?

என் அனுபவம் சின்னது. ஒரு பையன் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் தலையைத் தூக்கினான். கயிற்றுக்கு அப்பால் ஒருவருக்கு இருமல். குதிரையின் பக்கம் கை போனால் இருமல், சிப்பாயின் பக்கம் போனால் அமைதி. அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் பலகையைப் பார்க்கவே இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, விதியையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் தவறாகச் சொல்லித்தருகிறார்கள். 1924-ல் பாரிஸில் தொடங்கிய ஃபிடே என்ற உலகச் செஸ் அமைப்பின் விதிகளைத்தான் போட்டிகளில் பின்பற்றுகிறோம். வேண்டுமென்றே தொட்ட காயை நகர்த்த வழியிருந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். கை தவறிப் பட்டால் அது கணக்கில் வராது. கட்டத்தின் நடுவில் காயைச் சரியாக வைக்க வேண்டுமென்றால், தன் முறை வரும்போது, "சரிசெய்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடலாம். தொட்டுவிட்டுச் சொன்னால் செல்லாது. எதிராளி மீது புகார் இருந்தால் தன் காயைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், தொட்டுவிட்டால் அந்த உரிமை போயிற்று. இன்னொன்று, யோசிக்கும்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வீட்டில் விளையாடும்போதும் "பரவாயில்லை, திருப்பி வை" என்று விட்டுக்கொடுக்காதீர்கள்.

மணிச்சட்டம்:

செஸ்ஸை விடுங்கள், அபாகஸ் கதை கேளுங்கள். மகன் மூன்றாம் வகுப்பு. கணக்குப் பரீட்சையில் மேசை மீது விரல்கள் ஓடுகின்றன, விடை வந்துவிடுகிறது. ஏழோடு ஆறைக் கூட்ட அவன் மனதில் நடப்பது இதுதான்: பத்தாம் இடத்தில் ஒரு மணி ஏற்று, ஒன்றாம் இடத்தில் நாலை எடு. நாலு கீழே இல்லை, அதனால் மேலே இருக்கும் ஐந்தை எடுத்து, கீழே ஒன்றைச் சேர். பதின்மூன்று. சட்டத்தின் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, மதிப்பு ஐந்து. கீழே நாலு மணி, மதிப்பு தலா ஒன்று. இந்தக் கட்டமைப்புக்குள் யோசிக்கிற பிள்ளை அவன்.

பள்ளி ஆசிரியை விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா விடையும் சரி, எல்லாவற்றுக்கும் பாதி மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் "வழிமுறை எங்கே?" பக்கத்திலேயே "விரலை ஆட்டாதே". அன்று இரவு அவன் கைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக் கணக்கு போட உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை. எட்டோடு ஐந்து எத்தனை என்று என்னைக் கேட்டான்.

தப்பு ஆசிரியை மேல் இல்லை, இரண்டு பக்கமும் பேசாத என் மேல்தான். அபாகஸ் வகுப்பில் இருந்த ஒருவராவது, பள்ளியில் வழிமுறை எழுதித்தான் ஆக வேண்டும் என்று முதல் மாதமே சொல்லியிருக்கலாம்.

நிதானம்:

எல்லாவற்றையும் படித்தேன். மன்னிக்க வேண்டும், பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு எத்தனை வகுப்பு? என் பேத்திக்கு வாரம் ஐந்து. ஒருநாள் அவளைக் காரில் ஏற்றினேன், கராத்தே உடையோடு பரதநாட்டியச் சலங்கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எங்கே போறோம் தாத்தா?" என்றாள். எனக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. என் கதை அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பயிற்சியாளர் வைத்து நடக்கும் விளையாட்டு, வாரத்துக்குப் பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏழு வயதுக்கு ஏழு மணி. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு. வளரும் எலும்பின் முனையில் இருப்பது குருத்தெலும்பு, அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த இடம்தான் முதலில் வலிக்கும். முட்டி வலி, குதிகால் வலி என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளாதீர்கள். அதற்காக உட்கார வைத்துவிடவும் கூடாது, 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அறுபது நிமிடம் ஓடிப்பிடித்து விளையாடினாலும் கிடைக்கும், சீருடை தேவையில்லை. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்றே சொல்கிறது. வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு முறை சும்மா உட்கார்ந்து பார்க்க விடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பிள்ளையிடமே கேளுங்கள். மற்ற பெற்றோரிடம் கேட்காதீர்கள்.

கரையோரம்:

ஐயா, கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் எங்கள் பெண்ணுக்கு வாரம் ஒரே ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில்தான் விரலைப் பிரித்தார்கள். மணி நேரத்தைக் குறைத்தால் இது சரியாகுமா? (பேத்தி கடைசியில் எங்கே போனாள் என்று சொல்லவே இல்லையே.)

நிதானம்:

நாட்டியத்துக்கு. கராத்தே உடையிலேயே ஆடினாள்.

ஏழு துளை:

நான் புல்லாங்குழல் சொல்லித்தருபவள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் முன்பற்கள் விழுந்து முளைக்கும். உதட்டுக்குப் பின்னால் பல் இல்லாவிட்டால் பிடிமானம் போய், காற்று நாலா பக்கமும் சிதறும். நேற்று வரை வந்த சுரம் இன்று வராது, பிள்ளை தான் மறந்துவிட்டதாக நினைத்து அழும். "பயிற்சி பண்ணலையா?" என்று நானே பல பேரைக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் ஒரு சிறுமி வாசித்துக்கொண்டிருக்கும்போதே டக்கென்று ஏதோ தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. வரிசையை முடித்துவிட்டுத்தான் குழலை இறக்கினாள். நான் முன்பு திட்டிய பிள்ளைகள் எல்லாரும் அந்த நிமிடம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

கறுப்புக் காய்:

ஞாயிறு அப்பா, ஒன்று கேட்க விட்டுவிட்டேன். பையன் இப்போதும் விளையாடுகிறானா?

ஞாயிறு அப்பா:

விளையாடுகிறான். உங்கள் விதியை முந்தாநாள்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். தொடைக்கு அடியில் கை வைப்பது ஒத்துவரவில்லை, வழுக்கி விழுகிறான். ஆனால் "சரிசெய்கிறேன்" மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. நேற்று மேசையிலிருந்த என் மூக்குக்கண்ணாடியை நகர்த்தும்போதுகூட, விரல் நீட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் தொட்டான். அன்று நான் கேட்ட கேள்வியைப் பற்றி இன்னும் அவனிடம் பேசவில்லை.