சக்கர நாற்காலியும் தக்காளிக் கிரேடும் ஏற்ற, மைலேஜும் தருகிற சிறிய கார் எது?

தருமபுரியான்

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரியில் குடியிருந்து கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறேன். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாதத்தில் 20 நாள் என்று வைத்துக்கொண்டால் 2,000 கிலோமீட்டர் ஓட்டம். இதுநாள் வரை பேருந்தில்தான் போய்வந்தேன். சென்ற ஆண்டு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து, மாதம் இருமுறை அவரைச் சேலத்துக்கு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. மடக்கு சக்கர நாற்காலியும் கூடவே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கோட்டுப் பக்கமுள்ள எங்கள் நிலத்திலிருந்து வீட்டுக்கும் உறவினர்களுக்குமாக இரண்டு மூன்று கிரேடு (பெட்டி) தக்காளியோ, பருவத்தில் மாங்காயோ எடுத்துவருவோம்.

நாற்காலியை மடக்கி அளந்து பார்த்தேன். கால்மிதிகளைக் கழற்றிவிட்டால் நீளம் 80, உயரம் 90, தடிமன் 30 சென்டிமீட்டர். எடை 17 கிலோ. வீட்டில் நான், மனைவி, மகள், அம்மா என நான்கு பேர். இவ்வளவு ஓட்டத்துக்கு, சிலிண்டரில் நிரப்பும் இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி-தான் கட்டுப்படியாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டால் நாற்காலியை எங்கே வைப்பது என்ற கவலை என்னை விடவில்லை. மைலேஜ், டிக்கி இரண்டையும் ஒருசேரத் தருகிற சிறிய கார் உண்டா? வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவேரிப்பட்டணத்தார்

உங்கள் கவலை நியாயமானது. நான் அதைக் காசு கொடுத்துக் கற்றவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் சி.என்.ஜி ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்தேன். விளம்பரத் தாளில் டிக்கி இத்தனை லிட்டர் என்று போட்டிருந்ததை நம்பினேன். அது பெட்ரோல் வண்டிக்கான அளவு என்பதை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை. வண்டி வந்த அன்றே டிக்கியைத் திறந்தால் 60 லிட்டர் சிலிண்டர் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் ஒரு பை வைக்கலாம், அவ்வளவுதான். மாங்காய்ப் பருவத்தில் கிரேடுகளைப் பின் இருக்கையில் வைத்து, பிசின் வடிந்து, இருக்கை உறையை இருமுறை மாற்றினேன்.

சிலிண்டரை இரண்டாகப் பிரித்து டிக்கியின் தரைக்கடியில் வைக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. டாடா ஆல்ட்ராஸ் சி.என்.ஜி-யில் 30 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டு அடியில் இருப்பதால் மேலே 210 லிட்டர் இடம் மிஞ்சுகிறது. கிரேடுகளுக்கு அது போதும். ஆனால் தரை உயர்ந்துவிடுவதால், 90 சென்டிமீட்டர் உயர நாற்காலியை நிற்க வைத்துக் கதவை மூட முடியுமா என்பதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துதான் தீர்மானிக்க வேண்டும்.

பெட்ரோல் வகைகளின் டிக்கி அளவுகள்: வேகன் ஆர் 341 லிட்டர், பலேனோ 318, செலேரியோ 313, ஸ்விஃப்ட் 265, கிராண்ட் ஐ10 நியோஸ் 260, டியாகோ 242. ஆல்ட்ராஸ் பெட்ரோலுக்கு 345. இந்த எண்களை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், ஐயா. லிட்டர் என்பது மூலைமுடுக்கெல்லாம் சேர்த்த கணக்கு. நாற்காலி மூலைமுடுக்கில் போகாது. கதவின் வாய் எவ்வளவு அகலம், விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். உயரமான விளிம்பைத் தாண்டி 17 கிலோவைக் குனிந்து இறக்குகிறவர் நீங்களாக இருந்தால் சமாளிக்கலாம். உங்கள் மனைவியாக இருக்கும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரூர் ஆசிரியை

தம்பி, என் மாமியாரை நான்கு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். டிக்கியைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இருக்கையின் உயரத்தைப் பற்றியும் யோசியுங்கள். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவரைத் தாழ்வான இருக்கையில் உட்கார வைத்தால், முழங்காலைவிட இடுப்பு கீழே போய்விடும். எழும்போது அவர் படும் வேதனையைப் பார்க்க முடியாது. வேகன் ஆர் 1,675 மில்லிமீட்டர் உயரமுள்ள கார் என்பதால் இருக்கையும் உயரமாக இருக்கிறது. பிட்டத்தை முதலில் வைத்து, பிறகு கால்களை உள்ளே திருப்பினால் போதும். ஆல்ட்ராஸின் கதவுகள் 90 பாகை வரை திறப்பது ஏற்றி இறக்குபவருக்கு வசதிதான், ஆனால் இருக்கை தாழ்வு.

எங்கள் வேகன் ஆரில் பின் இருக்கை 60:40 என்று பிரிந்து மடியும். சிறிய பாகத்தை மட்டும் மடக்கி நாற்காலியை நீளவாக்கில் தள்ளிவிட்டு, மாமியாரும் மகனும் மீதி இடத்தில் உட்கார்ந்து வருவார்கள். இந்த வசதி எல்லா வகையிலும் கிடையாது. உயர்ந்த வகைகளில்தான் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குளோபல் என்கேப் 2023-இல் நடத்திய மோதல் சோதனையில் வேகன் ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது, குழந்தைகள் பாதுகாப்பில் அதுவும் இல்லை. ஆல்ட்ராஸ் 2020-இல் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. நாள்தோறும் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் இதை எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன்.

ஓசூர் மெக்கானிக்

மைலேஜ் பற்றி மட்டும் சொல்கிறேன். 1.0 லிட்டர் இன்ஜின் வேகன் ஆருக்கு லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 23.56, செலேரியோவின் ஏ.எம்.டி (கியர் தானாக மாறும்) வகைக்கு 26.68 என்று போடுகிறார்களே, அவை சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏ.சி. போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்த அளவுகள். சாலையில் அதில் முக்கால் பங்கு கிடைத்தால் நல்ல ஓட்டுநர் என்று பொருள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் அதிலும் சிறிது குறையும்.

உங்கள் ஓட்டத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மாதம் 111 லிட்டர் வேண்டும். 20 கொடுத்தால் 100 லிட்டர். வித்தியாசம் 11 லிட்டர், அதாவது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்தத் தொகைக்காக அம்மாவின் நாற்காலிக்கு இடமில்லாத காரையோ, திடமில்லாத காரையோ எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே 11 லிட்டரை உங்கள் வலது காலே மிச்சம் பிடித்துத் தரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகன் ஆர் போன்ற உயரமான காரில் அது இன்னும் நன்றாகத் தெரியும். 100-இல் போவதை 80-ஆகக் குறைத்துப் பாருங்கள், டேங்க் நிரப்பும் நாள் தள்ளிப்போகும்.

சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். கியரில் இறங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகும், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம். திரும்பி வரும்போது அதே இடம் ஏற்றம். நான்கு பேரும் நாற்காலியும் இருந்தால் 1.0 இன்ஜினை மூன்றாம் கியரில் முறுக்க வேண்டியிருக்கும், 1.2 சிரமமில்லாமல் ஏறும். வேகன் ஆர்தான் என்று முடிவானால் 1.2 எடுங்கள்.

தருமபுரியான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சி.என்.ஜி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி நாற்காலி அளவில் ஒரு மாதிரி செய்து, நேற்று இரண்டு ஷோரூம்களுக்கும் எடுத்துப் போனேன். வேகன் ஆரில் சிறிய இருக்கையை மடக்கியதும் அட்டை நேராக உள்ளே போனது. பக்கத்தில் டிக்கியில் இரண்டு கிரேடுக்கு இடம் இருந்தது. ஆல்ட்ராஸில் சாய்த்துத்தான் வைக்க முடிந்தது, ஆனால் கதவை மூடும்போது வந்த திடமான ஓசை மனதில் நிற்கிறது. ஆசிரியை அம்மா சொன்ன நட்சத்திரக் கணக்கை மனைவியிடம் சொன்னதிலிருந்து அவர் ஆல்ட்ராஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அம்மா உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுப்பதில்லை. வருகிற ஞாயிறு இரண்டு வண்டிகளையும் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவையும் உண்மையான நாற்காலியையும் ஏற்றி, தொப்பூர் வரை போய்த் திரும்ப இரண்டு ஷோரூம்களும் ஒப்புக்கொண்டுள்ளன.

அரூர் ஆசிரியை

நல்லது, தம்பி. அம்மாவைக் காலையில் வலி மாத்திரை போடுவதற்கு முன்பே உட்கார வைத்துப் பாருங்கள். எந்த இருக்கையில் வலிக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே தெரியும்.