மறு: ஸ்ப்ரூவுக்குத் தமிழ்: தாறு, வார்கால், மடை, முட்டு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டர்பனிலிருந்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் கிட் பெட்டியில் பாகங்களோடு வரும் ஸ்ப்ரூவுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மடலையும் படித்துவருகிறேன். சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கார் கிட் (பாகங்களை வெட்டி ஒட்டிக் கட்டும் சின்ன மாதிரிக் கார்) ஒட்டுகிறவன் நான். அதனால் இந்தச் சொற்கள் எனக்கு வாராவாரம் தேவைப்படுகின்றன. கையில் வெட்டுக்குறடு பிடித்திருக்கும் பிள்ளையிடம் "அங்கே வெட்டாதே, இங்கே வெட்டு" என்று சொல்ல வேண்டும். அந்த 'அங்கே'க்கும் 'இங்கே'க்கும் பெயர் வேண்டும். என் கருத்துகளை அந்த மேசையிலிருந்தே சொல்கிறேன்.

> ஸ்ப்ரூ என்பது பாகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம். 'பாகச்சட்டம்' என்று வைத்தால் வேலை முடிந்தது.

முடியவில்லை, ஐயா. பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது சட்டம்தான். ஆனால் பாகங்களைப் பிடித்துக்கொள்வதற்காக அது உண்டாகவில்லை. பாலிஸ்டைரீன் மணிகளை 200 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் உருக்கி, பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் முதலில் ஒரு தடித்த வழியில் நுழைகிறது. அங்கிருந்து கிளை பிரிந்து ஓடுகிறது. ஒவ்வொரு பாகத்தை நெருங்கும்போதும் வழி சட்டென்று குறுகி, ஒரு சின்னத் திறப்பின் ஊடாக அந்தப் பாகத்தின் குழிக்குள் பாய்கிறது. ஆறியதும் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக வெளியே வருகிறது. சட்டம் என்று நாம் பார்ப்பது முழுக்க முழுக்க ஒரு பாசனத்தின் உறைந்த வடிவம்.

பிளாஸ்டிக் வார்க்கும் தொழிலில் நுழையும் வழி ஸ்ப்ரூ, கிளை பிரியும் வழி ரன்னர், கடைசிக் குறுகிய திறப்பு கேட். பிளாஸ்டிக் கிட் கட்டும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்ப்ரூ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஜப்பானில் கட்டுகிறவர்கள் ரன்னர், கேட் என்று பிரித்தே பேசுகிறார்கள். ஆங்கிலப் பேச்சில் கலந்துபோனதைத் தமிழிலும் கலந்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்? கட்டுகிறவனுக்கு மிகவும் தேவையான சொல் கேட்டுக்கான சொல். வெட்டு விழும் இடம் அதுதான்.

அதற்கு நான் முன்வைக்கும் சொல் மடை. வாய்க்கால் தண்ணீரை வயலுக்குள் விட வரப்பில் திறக்கும் வழிக்கு என்ன பெயரோ அதே பெயர். உருவம் பொருந்துவது பாதிதான்; வேலையும் பொருந்துகிறது. அச்சுக்குள் மற்ற எல்லா இடத்தையும்விட மெல்லியது அந்தத் திறப்பு. ஆகவே அதுதான் முதலில் உறைகிறது. அது உறைந்துவிட்டால் பாகத்தின் குழி மூடப்படுகிறது, உள்ளே போன பிளாஸ்டிக் திரும்பி வர வழியில்லை. மடையை அடைப்பதும் இதற்குத்தானே! 'மடை அடைபட்டபின் அழுத்தத்தைக் குறைக்கலாம்' என்று ஒரு பொறியியல் மாணவர் எழுதினால், அடிக்குறிப்பு இல்லாமலே படிக்கிறவருக்குப் புரியும்.

ரன்னருக்கு வார்கால். வாய்க்கால், கால்வாய் என்பவற்றில் இருக்கும் 'கால்'தான் இது. வார்த்தல் என்பதை உலோகத்துக்குச் சொல்கிறோம், தோசைக்கும் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்தால் வினைத்தொகை: வார்த்த கால், வார்க்கின்ற கால், வார்க்கும் கால். ஊறுகாய், சுடுசோறு போல நடுவில் வல்லெழுத்து மிகாது. 'வார்க்கால்' என்று எழுத வேண்டாம். காலம் காட்டாத இந்த அமைப்பு இங்கே மிகவும் பொருத்தம். ஆலைக்காரருக்கு அது பிளாஸ்டிக் ஓடப்போகும் வழி, நமக்கு அது ஓடி முடிந்த வழி. ஒரே சொல் இருவருக்கும் ஆகும்.

> 'வார்கால்' என்றால் தோல்வார் கட்டிய கால் என்று நினைக்க மாட்டார்களா?

வாய்க்கால் என்றால் வாயும் காலும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, தம்பி. பழகினால் சரியாகிவிடும்.

முதல் நுழைவழிக்கு 'வார்வாய்' போதும். கிட் கட்டுகிறவனுக்கு அந்தச் சொல் அவ்வளவாகத் தேவைப்படாது.

> வாழைத்தார் மாதிரிப் பாகங்கள் தொங்குகின்றன. ஏ தார், பி தார் என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும்.

மொரீஷியஸ் அக்கா, இது அருமையான யோசனை. இழையில் இதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை. வழிகாட்டித் தாளில் "ஏ சட்டத்தில் 14-ஆம் பாகம்" என்று வருகிறதே, அங்கே ஓடும் வழியைப் பற்றிய பேச்சே இல்லை. பாகங்களோடு சேர்ந்த முழுத் துண்டையும் ஒரே பெயரில் சுட்ட வேண்டும். அதற்கு உங்கள் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மாற்றம்: தாறு என்று வல்லின றகரத்தில் எழுதுவோம். அகராதியில் குலைக்கு அந்த எழுத்துதான். கார் பற்றிய பேச்சில் 'தார்' என்று எழுதினால் சாலையில் போடும் தார் குறுக்கே வரும். எங்கள் பிள்ளைகளில் சிலர் காரை வைக்கத் தார்ச்சாலைத் துண்டும் செய்கிறார்கள், குழப்பம் உறுதி.

ஆகவே தாற்றைப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம். பாகத்தை மடையில் வெட்டுகிறோம். மிஞ்சுவது வார்கால்.

மடை எங்கே இருக்கிறது என்பதில்தான் ஒரு கிட்டின் தரத்தில் பாதி இருக்கிறது என்பேன். குரோம் பூசிய சக்கரத்தின் விளிம்பில் மடை வைத்திருந்தால், வெட்டிய இடத்தில் பூச்சு போய் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும். அங்கே என்ன வண்ணம் தொட்டு வைத்தாலும் ஒட்டுப்போட்டது தெரிந்தேதீரும். நல்ல அச்சுக்காரர்கள் பூச்சுப் பாகங்களுக்கு மடையைப் பின்பக்கமாக, ஒட்டும் முகத்துக்குள் தள்ளி வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அண்டர்கேட் என்கிறார்கள், நமக்கு 'அடிமடை'. கண்ணாடிப் பாகம் இன்னும் ஆபத்து. மடையை ஒட்டி ஒரே வெட்டில் வெட்டினால் விரிசல் உள்ளே ஓடிவிடும். முதலில் வார்கால் பக்கம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சத்தை மெல்ல மெல்லச் சீவ வேண்டும். வெட்டியபின் நிற்கும் தடத்துக்கு 'மடைத்தழும்பு'. மற்ற குறைகளுக்குச் சொல் தேடவே வேண்டாம்: அச்சு தேய்ந்து இடுக்கில் கசியும் மெல்லிய ஓரம் பட்டறையில் சொல்கிற அதே பிசிறுதான். அமெரிக்காவில் ஏஎம்டி என்ற கிட் நிறுவனம் 1960-களில் வெட்டிய அச்சுகளிலிருந்து இன்றைக்கும் பெட்டிகள் வருகின்றன. அவற்றில் பிசிறு நீக்குவதே தனி வேலை.

பிளாஸ்டிக் கடைசிக் குழிவரை எட்டாமல் பாதிப் பாகமாக நின்றுவிடுவதைக் 'கடைமடைக் குறை' எனலாம். காவிரிச் செய்தி படிக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

> முப்பரிமாண அச்சு வந்துவிட்டது. கிட் நிறுவனமான ரெவெல் 2018-இல் திவாலானது. இல்லாமல் போகப்போகிற பொருளுக்கு ஏன் இவ்வளவு சொற்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ரெவெலின் அமெரிக்கத் தாய் நிறுவனமான ஹாபிகோ 2018 தொடக்கத்தில் திவால் மனு கொடுத்தது உண்மை. ஆனால் ரெவெலை ஜெர்மனியைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது, பெட்டிகள் தொடர்ந்து வருகின்றன. பெல்ஜியத்தின் பெல்கிட்ஸ் புதிதாக எஃகு அச்சு வெட்டி ராலி கார்களை வெளியிட்டுவருகிறது. மாறியிருப்பது வாங்குகிறவர்கள். முன்பு பையன்கள் கைக்காசில் வாங்கி வார இறுதியில் ஒட்டி முடித்தார்கள். இன்று பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், ஒரு பெட்டியோடு பித்தளைத் தகட்டுப் பாகங்கள், தனி வண்ணம், தனிச் சக்கரம் என்று வாங்கி மாதக்கணக்கில் கட்டுகிறார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுக்க நான் பாடுபடுவதே இதனால்தான். விலை அவர்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டது.

ஆனால் முப்பரிமாண அச்சுப்பொறி எங்கள் நாட்டுக்கு ஒரு பெரிய நன்மை செய்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மட்டும் ஓடிய கார்கள் பல. 1985 முதல் ரோஸ்லின் ஆலையில் கட்டிய பிஎம்டபிள்யூ 333ஐ மொத்தம் 204 கார்கள்தான். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹாகில் கட்டிய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் எங்கள் தெருவெல்லாம் ஓடியது. இந்த நாட்டில் பாதிப்பேர் ஓட்டக் கற்றது அதில்தான் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். எஃகு அச்சு வெட்டும் செலவு ஆயிரக்கணக்கான பெட்டிகள் விற்றால்தான் திரும்பும். இந்தக் கார்களுக்காக எந்தப் பெரிய நிறுவனம் அச்சு வெட்டும்? எங்கள் நாட்டுப் பந்தய ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் 1976-இல் சுவீடனில் வென்ற ஆறு சக்கர டைரல் கார், ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் கிட்டாகக் கிடைக்கிறது. அது உலகமே பார்த்த கார். எங்கள் மாமா ஓட்டிய கார் பெட்டியில் வராது.

கிடைப்பதை மாற்றிக் கட்டலாம் என்றால் அதிலும் தொல்லை. 333ஐ பிஎம்டபிள்யூவின் ஈ30 வரிசையைச் சேர்ந்தது. கடையில் கிடைக்கும் ஈ30 கிட் பெரும்பாலும் அதே வரிசையின் எம்3. எம்3-க்குச் சக்கர வளைவுகள் புடைத்திருக்கும், பின்கண்ணாடியின் சாய்வு வேறு, பின்மூடி உயரம் வேறு. முன்மூடி, கூரை, கதவு தவிர 333ஐ-க்கு எதுவும் ஆகாது. கோல்ஃப் கிட் என்றால் மூன்று கதவு ஜிடிஐ. சிட்டி கோல்ஃப் ஐந்து கதவு. (ஜப்பானியக் கிட்களில் ஒரு வசதி: அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், வலப்பக்கம் ஸ்டீயரிங். அமெரிக்கப் பெட்டி என்றால் டேஷ்போர்டையே மாற்றிச் செய்ய வேண்டும்.) இப்போது அந்த உடலை மட்டும் கணினியில் வரைந்து பிசினில் (ரெசின்) அச்சிட்டு, அடிச்சட்டமும் எஞ்சினும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே கார் மட்டும் வேண்டுமென்றாலும் செய்யலாம். எங்கள் பிள்ளைகள் பிராஸ்பெக்டனில் அப்பா வேலை செய்யும் டொயோட்டா ஆலையிலிருந்து வரும் ஹைலக்ஸ் பக்கியை (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) தாத்தாவின் பழைய வடிவத்தில் கேட்கிறார்கள். அதுவும் ஒருநாள் அச்சாகும்.

ஆக இரண்டு முறையும் ஒரே காரில் சேர்ந்து வருகின்றன. உடலில் மடை இல்லை, அடிச்சட்டத்தில் இருக்கிறது. சொல் இல்லாமல் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? அதோடு, மடை கிட்டில் மட்டும் இருப்பதில்லை. வீட்டிலுள்ள பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அடியின் நடுவில் பாருங்கள், சின்னப் புள்ளியாக மடைத்தழும்பு இருக்கும். பிளாஸ்டிக் வார்க்கும் தொழில் இருக்கும்வரை இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

> அச்சுப்பொறியில் 'சப்போர்ட்' என்பதற்குத் 'தாங்கி' சரியாக இருக்குமே?

இங்கேதான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். தாங்கி என்பது பேரிங்குக்குப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். சக்கரத்தில் தாங்கி இருக்கும்போது, அச்சிட்ட சக்கரத்தில் 'தாங்கியை வெட்டு' என்றால் என்ன ஆகும்? பிசின் அச்சுப்பொறியில் பாகம் தட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி அடுக்கடுக்காக வளர்கிறது. அந்தரத்தில் தொடங்கும் பகுதிகளைப் பிடித்துக்கொள்ள மெல்லிய குச்சிகளையும் சேர்த்தே அச்சிடுகிறோம், பிறகு பிய்த்தெறிகிறோம். வேலை முடிந்ததும் எடுத்துவிடும் தாங்கலுக்குத் தமிழில் முட்டு என்று பெயர். கான்கிரீட் கூரை இறுகும்வரை கொடுக்கிறோமே, அதே முட்டு. 'இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு இன்னும் இரண்டு முட்டுக் கொடு' என்று வாக்கியமும் தானாக அமைகிறது. பிய்த்தபின் நிற்கும் புள்ளி முட்டுத்தழும்பு. மடைத்தழும்புக்கும் இதற்கும் தேய்க்கும் முறை வேறு: பிசின் தூள் மூச்சில் போகக்கூடாது, தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் தனிப் பெயர் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

கடைசியாக ஒன்று. மிஞ்சிய வார்காலைத் தயவுசெய்து எறியாதீர்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, குழைந்ததும் இரு பக்கமும் மெல்ல இழுத்தால் மயிரிழை போல நீளும். ஏரியலும் பிளக் வயரும் அதில்தான் செய்கிறோம். இதைக் கோவை ஐயா 'இழுகம்பி' என்று எழுதியிருந்தார். கம்பி என்றால் உலோகம் என்று நினைக்கத் தோன்றுகிறது. 'வார்கால் இழை' என்று வைத்தால் எதிலிருந்து வந்தது என்பதும் சேர்ந்து தெரியும். அதே துண்டுகளைப் பிளாஸ்டிக் பசையில் ஊறவைத்தால் இடுக்கு அடைக்கும் கூழாகிறது. அதற்கு என்னிடம் சொல் இல்லை, யாராவது சொல்லுங்கள். பசை உலர்ந்ததும் அது பாகத்தோடு பாகமாக ஒன்றிவிடுகிறது, அந்தத் தன்மையும் சொல்லில் வந்தால் நல்லது.

டெக்கால், அதாவது காரில் ஒட்டும் எழுத்து, படத் தாள், பற்றிய பேச்சை இதில் கலக்காமல் தனி இழையாகத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீரில் ஊறவைத்து நழுவவிடும் வகை, தேய்த்து மாற்றும் வகை என்று அதிலேயே நிறைய இருக்கிறது. தாறு, வார்கால், மடை, முட்டு நான்குக்கும் எதிர்ப்பு இருந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டப் படம் வரைந்து வைத்திருக்கிறேன், பெயர் எழுதுவதுதான் பாக்கி.

அன்புடன்,
டர்பனிலிருந்து