எச்61 மதர்போர்டுக்கு ஐ7-2600 வாங்குவதா, ஐ5-3470 வாங்குவதா?

குடந்தை டிடிபி:

வணக்கம். கும்பகோணத்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். அப்பா டிரெடில் அச்சுக்கூடம் நடத்தியவர். அவர் விட்டுச் சென்ற இரண்டு அலமாரிப் புத்தகங்களை ஓராண்டாக ஸ்கேன் செய்து வருகிறேன். பெரும்பாலானவை 1930களிலும் 40களிலும் அச்சானவை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்து, பதிப்புரிமை முடிந்த நூல்களை மட்டுமே எடுக்கிறேன். தாளின் ஓரம் விரல் பட்டாலே பொடியாகிறது. இன்னும் ஐந்தாண்டு விட்டால் மிஞ்சாது.

கணினி 2011இல் வாங்கியது. ஐ3-2100 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் பக்கங்களை நேராக்கி, படத்திலுள்ள எழுத்தைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் டெசராக்ட் எழுத்துணரியில் கொடுக்கிறேன். 240 பக்க நூலுக்கு 1 மணி 20 நிமிடம் ஆகிறது. அதுவரை கடையில் வேறு எதையும் திறக்க முடிவதில்லை. பத்திரிகை அடிக்க வந்த கல்யாண வீட்டாரை உட்கார வைத்துவிட்டு நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்று, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விசாரித்தேன். பழைய ஐ5-3470 ரூ.1,400, ஐ7-2600 ரூ.2,800 என்கிறார்கள். என்னால் 3,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. 3470 தலைமுறையில் புதியது, விலையும் பாதி. 2600 அதைவிடப் பழையது, விலை இரண்டு மடங்கு. பழையதற்கு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

ஈரோட்டு மின்னி:

3470 வாங்குங்கள் ஐயா. 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறை, 22 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பம், 77 வாட். 2600 என்பது 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, 32 நானோமீட்டர், 95 வாட். ஒரே வேகத்தில் ஓடவிட்டால் ஐவி பிரிட்ஜ் ஐந்து சதவீதம் போல முந்தும். இரண்டிலும் கணக்குப் போடும் பகுதியான கோர் நான்குதான். மிச்சமாகும் 1,400 ரூபாயில் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி சிறியதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை:

ஈரோட்டு நண்பர் சொன்ன எண்கள் சரி. ஆனால் உங்கள் வேலைக்கு ஐ7-2600தான் என்று சொல்வேன்.

முதலில் பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் மதர்போர்டின் மென்பொருள். எச்61 மதர்போர்டு 2011 தொடக்கத்தில் வந்தது. அப்போது ஐவி பிரிட்ஜ் கடைக்கே வரவில்லை. அந்தக் கால பயாஸைப் புதுப்பிக்காமல் 3470ஐப் போட்டால் கணினி எழுந்திருக்காது. நான் பட்டிருக்கிறேன். தங்கை வீட்டுக் கணினிக்கு 3470 வாங்கி மாட்டினேன். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. ரேமைக் கழற்றித் துடைத்தேன், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பழைய ஐ3ஐத் திரும்ப வைத்ததும் உடனே படம் வந்தது. அந்த மதர்போர்டுக்குப் புதிய பயாஸை நிறுவனம் வெளியிடவே இல்லை. உங்கள் ஐ3-2100 சாண்டி பிரிட்ஜ்தான் என்பதால், 2600க்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. கணினியைத் தொடங்கும்போது பயாஸ் திரையில் தேதி தெரியும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது வேகம். ஒற்றைக் கோரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டர்போவில், அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் நிலையில், 3470 3.6 கிகாஹெர்ட்ஸ், 2600 3.8 வரை போகும். ஐவி பிரிட்ஜின் ஐந்து சதவீதத்தை அந்த 0.2 ஈடுசெய்துவிடும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. திரெட் என்பது ஒரு கோர் ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை வரிசை. 3470இல் நான்கு கோர், நான்கு திரெட். 2600இல் நான்கு கோர், எட்டுத் திரெட். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷும் 6 எம்பிக்குப் பதில் 8 எம்பி. உங்கள் அப்பாவின் அச்சுக்கூடத்தில் ஒரே எழுத்துப் பெட்டியின் முன் இரண்டு பேர் நின்று அச்சுக்கோப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிதான் கோர், ஆட்கள் திரெட்டுகள். ஒருவர் கையெழுத்துப் படியைப் படிக்கும் நொடியில் மற்றவரின் கை பெட்டிக்குள் இருக்கும். வேலை இரண்டு மடங்காகாது, பெட்டி சும்மா இருக்காது. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வேலைகளில் 20 முதல் 25 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கிறது. எழுத்துணரிக்கு ஒவ்வொரு பக்கமும் தனி வேலை. எட்டுப் பக்கங்களை ஒரே நேரத்தில் கொடுக்கலாம்.

அதனால், பணத்தை எடுப்பதற்கு முன் இன்று இரவே இதைச் செய்து பாருங்கள். டெசராக்ட் ஒரு பக்கத்தையே பல திரெட்டுகளுக்குப் பிரித்துக்கொடுக்க முயலும். அதில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. ஓஎம்பி திரெட் லிமிட் (OMP_THREAD_LIMIT) என்ற சூழல் மாறியை, அதாவது மென்பொருள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பை, 1 என்று வைத்துவிட்டு, பேரலல் என்ற கருவி மூலம் நான்கு பக்கங்களை ஒன்றாக ஓட்டுங்கள். செலவு இல்லை.

சில்லு ரசிகர்:

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் வசதி 2600, 3470 இரண்டிலும் உண்டு, அதன் அடுத்த பதிப்பான ஏவிஎக்ஸ்2 கிடையாது. அது 2013இல் ஹாஸ்வெல் தலைமுறையோடுதான் வந்தது. டெசராக்ட் அதைப் பயன்படுத்தும். அந்தத் தலைமுறையின் ஐ5-4570க்குப் போனால் என்ன? இப்போதுள்ள டிடிஆர்3 ரேமையே அதிலும் போடலாம்.

மலைக்கோட்டை:

நல்ல யோசனைதான். ஆனால் ஹாஸ்வெல்லுக்குப் பிராசஸர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1150 ஆக இருக்க வேண்டும், மதர்போர்டையும் சேர்த்து வாங்க வேண்டும். 3,000 ரூபாய்க்குள் அடங்காது. இந்த எச்61 என்றாவது உயிரை விட்டால் அப்போது 4570 பக்கம் போகட்டும்.

ஈரோட்டு மின்னி:

மின்சாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லையே?

மலைக்கோட்டை:

எடுத்தேன். 95க்கும் 77க்கும் வித்தியாசம் 18 வாட். நாள் முழுக்க, பத்து மணி நேரமும் உச்சத்தில் ஓடினாலும் 0.18 யூனிட். ஆண்டில் 300 நாளுக்கு 54 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 432 ரூபாய். எழுத்துணரி ஓடாத நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடே இருக்காது.

குடந்தை டிடிபி:

நேற்று இரவே செய்து பார்த்தேன். அதே 240 பக்க நூல், அதே ஐ3, 43 நிமிடத்தில் முடிந்தது. இத்தனை மாதங்கள் இது தெரியாமல் காத்திருந்திருக்கிறேன். மிக்க நன்றி ஐயா.

பயாஸ் திரையில் 2011 மார்ச் என்று இருக்கிறது. அதனால் 2600 என்றே முடிவு செய்துவிட்டேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மலைக்கோட்டை:

மூடியின் மீது ஐ7-2600 என்பதோடு எஸ்ஆர்00பி என்ற அடையாளக் குறியும் பொறித்திருக்கும். அடிப்புறத்தில் தங்க நிறப் புள்ளிகள் கீறலோ கருமையோ இல்லாமல் இருக்க வேண்டும். இந்தச் சாக்கெட்டில் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, 1155 ஊசிகள். ஐ3ஐ எடுத்ததும் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாய்வில் மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்திருக்கிறது, மேற்கொண்டு எதையும் வைக்காதீர்கள்.

ஐ3யோடு வந்த அலுமினியக் கூலர் 65 வாட்டுக்கானது. அதைப் போடாதீர்கள். நடுவில் செம்பு வைத்த கூலராகக் கேளுங்கள், பழையதே போதும். சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு.

குடந்தை டிடிபி:

ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டேன். பிராசஸர் 2,700க்கு இறங்கி வந்தார்கள், செம்பு வைத்த கூலர் 300. பழைய பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்து ஒட்டியிருந்தது, சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம். கூலரின் நான்காவது கால் சொடுக்கென்று உட்காரும்போது மதர்போர்டு வளைந்ததைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது. முதல் முறையிலேயே படம் வந்துவிட்டது.

எட்டுப் பக்கங்களாக ஓட்டினேன். 240 பக்கம், 20 நிமிடம். சூடு 71 டிகிரியைத் தாண்டவில்லை. ஆறு பக்கங்களாகக் குறைத்து ஓட்டினால் பக்கத்திலேயே பத்திரிகை வடிவமைப்பும் செய்ய முடிகிறது.

இனி என் நேரம் முழுவதும் மெய்ப்புத் திருத்துவதில்தான் போகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால், யானைத் துதிக்கைபோல வளைந்த பழைய வடிவ லை, னை வரும் இடங்களிலெல்லாம் எழுத்துணரி தடுமாறுகிறது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து இருபது பிழை. அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள். பழைய எழுத்தும் திருத்திய வரியும் அருகருகே இருக்கும்படி முந்நூறு வரிகள் வரை என்னிடம் தயாராக இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.