டென்னிஸ் செர்வில் வேகமே வரவில்லை, எங்கே தப்பு?

கேள்வி:
இரண்டு வருடமாக டென்னிஸ் ஆடுகிறேன். ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வர அடிப்பது) பரவாயில்லை, ஆட்டத்தைத் தொடங்கும் அடியான செர்வ் மட்டும் எதிராளிக்குப் பரிசு கொடுத்த மாதிரி போய் விழுகிறது. ஓங்கி அடித்தால் வலையில் மாட்டுகிறது, தோளும் வலிக்கிறது. கைக்கு உடற்பயிற்சி செய்தால் சரியாகுமா?

பதில் 1:
பிரச்சினை கை பலத்தில் இல்லை. ராக்கெட்டை ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பது போலவே பிடிக்கிறீர்களா? அங்கேயே பாதி வேகம் போச்சு. சுத்தியல் பிடிப்பது மாதிரியான கான்டினென்டல் பிடிக்கு மாறுங்கள், அதில்தான் அடிக்கும் நொடியில் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பும்படி முன்கை சுழல இடம் கிடைக்கும். முதல் சில வாரம் பந்து கண்ட இடத்துக்கும் போகும், பயந்து பழைய பிடிக்குத் திரும்பாதீர்கள். நான் மூன்று தடவை திரும்பினேன்!

பதில் 2:
அப்புறம் டாஸ், அதாவது அடிப்பதற்காகப் பந்தை மேலே போடுவது. பந்து உடலுக்குக் கொஞ்சம் முன்னால், கையை முழுசாக நீட்டினால் எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே போகட்டும். மோசமாகப் போனால் ராக்கெட்டை வீசாமல் பந்தைப் பிடித்துவிட்டு மறுபடி போடலாம், அது ஃபால்ட் (தவறான செர்வ்) ஆகாது. வேகம் முழங்காலில் தொடங்கி, இடுப்பு, தோள் வழியாக ஏறிக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில் 2016-ல் அமெரிக்க வீரர் ஜான் இஸ்னர் மணிக்கு 253 கி.மீ. வேகத்தில் செர்வ் போட்டார். அவர் உயரம் நமக்கு வராது, முழங்காலை மடக்க எல்லோருக்கும் வரும்.

கேட்டவர்:
வீடியோ எடுத்துப் பார்த்தேன். டாஸ் தலைக்குப் பின்னால் போகிறது, முழங்கால் மடங்கவே இல்லை. அசிங்கமாக இருந்தது.

பதில் 1:
சரி, முதலில் டாஸ் மட்டும் பழகுங்கள். தோள் வலி நீடித்தால் செர்வை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.