பைசன் ஸ்டேக் பெரிதா, எருமைக்கறி சிறிதா?

வில்பட்டிச் சமையல்காரன்

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்காவில், டென்வர் நகரில், உணவக வேலை. மலைக்கு வரும் விருந்தினர்களில் பாதிப் பேர் சிவப்பு இறைச்சி என்றதும் கொழுப்பு, மாரடைப்பு என்று தட்டை நகர்த்திவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: அமெரிக்கக் காட்டு மாடான பைசனின் கறியைக் கனமான துண்டாகச் சுட்ட ஸ்டேக்குக்கு ஈடான சிவப்பு இறைச்சி கிடையாது.

அமெரிக்க வேளாண் துறையின் சத்துப் பட்டியலைப் பாருங்கள். சுட்ட பைசன் கறி 100 கிராமில் 143 கலோரி, 28 கிராம் புரதம், கொழுப்பு வெறும் 2.4 கிராம். அங்கே சாதாரணமாக விற்கும் மாட்டுக்கறியில் 283 கலோரி, கொழுப்பு 18.5 கிராம். தோல் உரித்த கோழியிலேயே 7.4 கிராம் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடவும் பைசனுக்கு அங்கே அனுமதி இல்லை.

சமைக்கும்போதுதான் கவனம் தேவை. கொழுப்பு குறைவு என்பதால் மாட்டு ஸ்டேக்கைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். நடுப்பகுதி 55 டிகிரியைத் தொட்டதும் கல்லிலிருந்து எடுத்துவிட வேண்டும். முழுக்க வேகட்டும் என்று விட்டால் செருப்புத் தோல்தான் மிஞ்சும்.

வனம் பார்ப்பவன்

வாதம் சூடேறுவதற்கு முன் ஒரு வார்த்தை. சமையல்காரர் சொல்வது வேலிக்குள் வளர்க்கும் அமெரிக்க விலங்கை. இருட்டியதும் நம் ஏரிச் சாலையில் வந்து நின்று பஸ்ஸையே மறிக்கிறதே காட்டெருமை, அது வேறு இனம். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். காட்டெருமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கறியை வாங்கியவரும் தப்ப முடியாது. "காட்டுக்கறி இருக்கிறது, வேண்டுமா?" என்று யாராவது காதோரம் கேட்டால் நின்று விலை பேசாதீர்கள்.

கோத்தகிரி தேயிலை

சமையல்காரரே, உங்கள் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 143 கலோரி என்ற அந்தக் கணக்கு, கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு வெறும் சதையை மட்டும் எடுத்துப் பார்த்தது. 283 கலோரி என்ற மாட்டுக்கறிக் கணக்கோ கொழுப்பையும் சேர்த்து அளந்தது. ஒருவருக்கு முடி வெட்டி முகம் மழித்து, இன்னொருவரைத் தூங்கி எழுந்த கோலத்தில் நிறுத்தி, யார் அழகு என்று கேட்கலாமா? கோழியிலும் அதே வேலைதான். அந்த 7.4 கிராம் கால் கறியும் சேர்ந்த கணக்கு. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியை மட்டும் சுட்டால் 3.6 கிராம்தான்.

இன்னொன்று. அதே பைசனைக் கொத்துக்கறியாக்கி வறுத்தால் 238 கலோரி, கொழுப்பு 15 கிராம். இதுவும் நீங்கள் காட்டிய அதே பட்டியலில்தான் இருக்கிறது. விலங்கு ஒன்றுதான். எந்தப் பகுதி, எவ்வளவு நறுக்கினார்கள் என்பதில்தான் எண் மாறுகிறது. வாங்குகிறவருக்கு அதைச் சொல்லாமல் விலங்கின் பெயரை மட்டும் சொல்லி விற்கிறார்கள்.

வில்பட்டிச் சமையல்காரன்

ஸ்டேக்கைப் பற்றிப் பேசும்போது கொத்துக்கறிக்கு ஏன் போகிறீர்கள்? கொத்துக்கறியில் கழிவுக் கொழுப்பும் சேர்ந்து அரைபடும், எந்த விலங்கானாலும் அப்படித்தான்.

பட்டியலை விடுங்கள், தட்டைப் பாருங்கள். நல்ல மாட்டு ஸ்டேக் என்று விலை வைத்து விற்பதே சதைக்குள் வெள்ளை இழையாகக் கொழுப்பு ஓடுகிற துண்டைத்தான். ஓரக் கொழுப்பைக் கத்தியால் நறுக்கலாம், உள்ளே ஓடுவதை எப்படி நறுக்குவீர்கள்? பைசனில் அந்த இழை அநேகமாகக் கிடையாது. வெட்டிப் பார்த்தால் கருஞ்சிவப்பாக, ஒரே நிறமாக இருக்கும். அதனால் அந்த ஒப்பீடு உண்கிறவரின் கணக்குக்கு ஒத்து வருகிறது.

கூடலூர் அடுப்பு

தம்பி, நீ பட்டியல் பட்டியல் என்கிறாய். அதே பட்டியலில் எருமைக்கறி இருக்கிறதே, பார்த்தாயா? சுட்டது 100 கிராமில் 131 கலோரி, புரதம் 27 கிராம், கொழுப்பு 1.8 கிராம். உன் பைசனைவிடக் குறைவு. கொலஸ்ட்ராலும் பைசனில் 82 மில்லிகிராம், எருமையில் 61. கூடலூரில் கடைக்குப் போனால் கிடைக்கிற கறி இது. மாட்டுக்கறி இறக்குமதிக்கே அனுமதி இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கப் புல்வெளியில் மேய்கிறதைப் பற்றி ஏன் இந்த ஏக்கம்?

எங்கள் பக்கத்தில் தேங்காய்ச் சில்லு, மிளகு, கறிவேப்பிலை போட்டுச் சுண்ட வறுப்போம். நடுவில் சிவப்பாக இருக்கிற துண்டை இலையில் வைத்தால் பரிமாறினவளை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

வில்பட்டிச் சமையல்காரன்

அக்கா, கொழுப்பிலும் கொலஸ்ட்ராலிலும் எருமை முந்துகிறது, சரி. இரும்புச் சத்தில் பைசன் 3.4 மில்லிகிராம், எருமை 2.1. பி12 பைசனில் 2.9 மைக்ரோகிராம், எருமையில் 1.75. வெறும் கொழுப்பை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

சத்துணவு மேசை

ஊட்டியில் உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். இரண்டு பேரும் இரும்பில் 1.3 மில்லிகிராம் கூடக் குறைய என்று சண்டை போடுகிறீர்கள். 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தபடி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. எந்த ஸ்டேக்கும் அதை நிரப்பாது. கறியில் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும் என்பது உண்மை. ஆனால் மீதி இரும்பு கீரையிலும் பருப்பிலும் ராகியிலும்தான் வர வேண்டும். அதைத்தான் நாம் கெடுத்துக்கொள்கிறோம், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தேநீர் குடித்து. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கறியின் இரும்புக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. கோத்தகிரிக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

கொழுப்பு குறைவு என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று யாரும் நினைக்கவும் வேண்டாம். 2015இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிவப்பு இறைச்சி அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று வகைப்படுத்தியது. அதில் பைசனுக்கோ எருமைக்கோ விலக்கு இல்லை. சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்துங்கள். உணவகங்களில் ஒரு தட்டிலேயே 300 கிராம் வைக்கிறார்கள்.

கோத்தகிரி தேயிலை

கோபம் இல்லை அம்மா. கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

சமையல்காரரிடம் ஒரு கேள்வி. 55 டிகிரியில் எடுத்துவிடுங்கள் என்றீர்கள். நீங்கள் சான்று காட்டும் அதே அமெரிக்க வேளாண் துறை ஸ்டேக்குக்கு 63 டிகிரி, அதன் பிறகு 3 நிமிடம் ஆற விடவும் என்கிறது. கொத்துக்கறிக்கு 71. சத்துக் கணக்குக்கு அவர்கள் வேண்டும், வேகும் கணக்குக்கு வேண்டாமா?

வில்பட்டிச் சமையல்காரன்

63இல் பைசன் உலரத் தொடங்கிவிடும். வெட்டாத முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், கல்லின் சூட்டில் அது போய்விடும். கொத்துக்கறியில் மேலே இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் அதற்கு 71. 2019இல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமியால் பலர் நோயுற்று, கடைகளிலிருந்து பைசன் கறியைத் திரும்பப் பெற்றார்களே, அதுவும் கொத்துக்கறிதான், ஸ்டேக் அல்ல.

கூடலூர் அடுப்பு

கிருமி மேலே இருக்கும், சரி. நாடாப்புழுவின் இளம்புழுப் பை எங்கே இருக்கும் தம்பி? சதைக்குள்ளே இருக்கும். மாட்டுக்கறியிலிருந்து மனிதனுக்கு வருகிற நாடாப்புழு அப்படித்தான் வருகிறது. மேலே கருக வறுத்து நடுவை அரைவேக்காட்டில் விட்டால் அதற்கு என்ன ஆகும்?

டென்வரில் கறி எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. இங்கே எப்படி வரும் என்று தெரியும். விடிகாலையில் வெட்டி, கொக்கியில் தொங்கவிட்டு, ஒரே கட்டையில் ஒரே கத்தியால் குடல், ஈரல், தொடை எல்லாவற்றையும் நறுக்கி, செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்கள். அந்தக் கட்டையின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், அதில் நேற்றைய ஈரம் இருக்கும். அந்தக் கறியை 55 டிகிரியில் எடுத்து விருந்தாளிக்கு வைப்பாயா?

வில்பட்டிச் சமையல்காரன்

மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே 10 நாள் உறைய வைத்தால் அந்த இளம்புழு செத்துவிடும். என் சமையலறையில் அப்படிச் செய்யாமல் எந்தத் துண்டும் கல்லில் ஏறாது. கட்டை விஷயத்தில் மறுபேச்சு இல்லை. நான் துண்டாக்காமல் முழுசாக வாங்கி, என் பலகையில் நானே வெட்டுகிறேன்.

கோத்தகிரி தேயிலை

காற்றடித்து மரம் விழுந்தால் நாள் முழுக்க மின்சாரம் வராத மலையில் 10 நாள் மைனஸ் 10 டிகிரி. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் சாப்பிடட்டும்.

வனம் பார்ப்பவன்

எனக்கு வேறொரு உறுத்தல். கோடிக்கணக்கில் இருந்த அமெரிக்கப் பைசனைச் சுட்டுத் தள்ளி 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். 2016இல் அதைத் தேசியப் பாலூட்டி என்று அறிவித்தார்கள். அதன் பிறகும் தட்டில் வைக்கிறார்களே.

வில்பட்டிச் சமையல்காரன்

இன்று அங்கே சில லட்சம் பைசன் இருக்கிறது. பெரும்பகுதி இறைச்சிக்காக வளர்க்கும் தனியார் மந்தைகள். விற்பனை இல்லையென்றால் அந்த மந்தை எதற்கு?

வனம் பார்ப்பவன்

மந்தை பெருகியது சரி. பல மந்தைகளில் வீட்டு மாட்டின் மரபணு கலந்திருக்கிறது. விற்றால்தான் பிழைக்கும் என்ற வாதத்தைத் தயவுசெய்து இந்த மலைப்பக்கம் கொண்டுவராதீர்கள். நாளைக்கே யாராவது காட்டெருமைப் பண்ணை கேட்டு மனு எழுதுவார்கள். காட்டெருமையின் உறவுக்காரனைச் சட்டப்படி சாப்பிட வேண்டும் என்றால் வடகிழக்கில் மிதுன் இருக்கிறது. நாகாலாந்தில் அதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறார்கள், உணவு விலங்கு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. அங்கே போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

எருமைக்காரர்களுக்கும் ஒன்று. தோடர்களின் குடியிருப்பான மந்தில் நிற்கிற எருமையைப் பார்த்துக் கறிக்கணக்கு போடாதீர்கள். அவர்களுக்கு அது பாலுக்கும் வழிபாட்டுக்கும் உரியது.

கூடலூர் அடுப்பு

தோடர் எருமையை யார் கேட்டார்கள்? கடைக்கு வருவது சமவெளி எருமை.

நான் சொல்ல வந்தது வேறு. எண்ணில் எருமையும் பைசனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் ஒரே மாதிரி சமைக்க முடியாது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயது தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று கொடுத்த எருமையைத்தான் வெட்டலாம். பைசனை அங்கே இரண்டு, இரண்டரை வயதில் வெட்டுகிறார்கள். பத்து வயது எருமையின் தொடைக்கறியைக் கல்லில் போட்டு 55 டிகிரியில் எடுத்தால் பல்லுக்குத்தான் வேலை. நாரும் சவ்வும் கரைய வேண்டுமானால் நீண்ட நேரம் ஈரச்சூட்டில் கிடக்க வேண்டும். அதுவும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த சட்டியில் வைத்தால் விறகுதான் செலவாகும். பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊற வைத்து, குக்கரில் ஆவி கட்டி, பிறகு இரும்புச் சட்டியில் சுண்ட வறுக்க வேண்டும். எங்கள் வறுவல் ஸ்டேக் தெரியாததால் பிறந்தது இல்லை தம்பி.

வில்பட்டிச் சமையல்காரன்

வயது விஷயத்தை அக்கா சரியாகப் பிடித்தார். அதனால்தான் நான் எருமையில் அண்டர்கட் மட்டும் எடுக்கிறேன். முதுகெலும்புக்கு அடியில் ஓடும் அந்தத் தசை வேலையே செய்யாதது. கிழட்டு எருமையிலும் அதில் சவ்வு குறைவு. பைசனுக்குச் சொன்ன முறை அப்படியே பொருந்தும்.

இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, மேலே இருக்கும் வெள்ளிச் சவ்வை உரித்துவிட வேண்டும். உப்புத் தடவி முக்கால் மணி நேரம், பிறகு துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். ஈரத்தோடு போட்டால் வறுபடாது, புழுங்கும். கனமான இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். அதன் பிறகு தீயைக் குறைத்து, நெய்யும் நசுக்கிய மிளகும் மலைப்பூண்டும் போட்டு, அந்த நெய்யைக் கரண்டியால் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பில்லாத கறிக்கு நாம் வெளியிலிருந்து கொடுக்கும் கொழுப்பு அது. கரண்டியால் அழுத்தக் கூடாது, முள்கரண்டியால் குத்தித் திருப்பக் கூடாது. நிறத்தை நம்பாதீர்கள், எருமையும் பைசனும் கருஞ்சிவப்பு என்பதால் வெந்ததும் வேகாததும் கண்ணுக்குத் தெரியாது. குத்திப் பார்க்கும் வெப்பமானியை வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த பிறகும் உள்ளே இரண்டு மூன்று டிகிரி ஏறும். ஐந்து நிமிடம் ஆற விட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். மலை உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கல்லின் சூடு கல்லின் சூடுதான்.

கோத்தகிரி தேயிலை

முதலில் கொழுப்பே இல்லை என்று புகழ்ந்துவிட்டு, கடைசியில் கரண்டி கரண்டியாக நெய் ஊற்றுகிறீர்கள். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 13 கிராம் கொழுப்பு. அதில் பாதி துண்டில் ஒட்டினாலும் உங்கள் 2.4 கிராம் எங்கே போகும்?

வில்பட்டிச் சமையல்காரன்

கல்லிலேயே தங்கிவிடுவதுதான் அதிகம். தட்டுக்கு வருவது ஒரு தேக்கரண்டி இருக்கும். அதையும் சேர்த்தால்கூட அந்த மாட்டுக்கறிக் கொழுப்பில் பாதியைத் தொடாது.

சத்துணவு மேசை

கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் இந்த 55 டிகிரிப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு நன்றாக வெந்த கறிதான். குக்கரில் வைத்தாலும் புரதமும் இரும்பும் ஓடிவிடாது. பி வைட்டமின்களில் கொஞ்சம் குழம்புக்குப் போகும், குழம்பைத்தான் யாரும் கீழே கொட்டுவதில்லையே.

கோத்தகிரி தேயிலை

அண்டர்கட் எங்கள் பக்கத்துக் கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

வில்பட்டிச் சமையல்காரன்

முதல் நாள் மாலையே சொல்லிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனால் அது கொத்துக்கறியோடு கலந்து போயிருக்கும். வாங்கி வந்து 10 நாள் உறைய வையுங்கள், பிறகு ஒரு இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக விடுங்கள்.

கூடலூர் அடுப்பு

ஞாயிற்றுக்கிழமைக் கறியை அடுத்த வாரம் வியாழக்கிழமை எடுத்துச் சமைத்தால் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். எனக்குத் தொடைக்கறி போதும், எலும்போடு.