கேள்வி கேட்டால் வளைவில் தடுப்பு வந்துவிடுமா?

மஸ்கெலியாக்காரன்:
வீதி விபத்து, தோட்டப் பாதை, ஆசிரியர் பற்றாக்குறை என்று நம் மலையக உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் வினா எழுப்புகிறார்கள். அமைச்சர் கால அவகாசம் கேட்கிறார். மாலையில் கேள்வி கேட்ட காணொளி மட்டும் எல்லார் கைபேசியிலும் ஓடுகிறது. இதற்கா வாக்களித்தோம்?

லிந்துலை வாசகி:
வேறு எங்கே போய்க் கேட்பது அண்ணா? மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. வாய்மூல வினாவுக்குத் தரும் விடை ஹன்சார்ட்டில், அதாவது நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவேட்டில், ஏறுகிறது. மேடையில் சொன்னதை மறுநாள் மறுக்கலாம், இதை மறுக்க முடியாது.

மஸ்கெலியாக்காரன்:
ஹன்சார்ட் வந்து பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்குமா? விபத்துகளில் செத்தவர்களை எண்ணிப் பாருங்கள்: 2021இல் பசறை, 14 பேர். 2023இல் ரதல்ல குறுக்குப் பாதை, 7 பேர். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்ல, 20 பேருக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதி, 15 பேர். ஒவ்வொரு முறையும் அனுதாபம், விசாரணை, கேள்வி.

பழைய சாரதி:
என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தீர்களா? "விபத்தைத் தடுக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்தது?" இதற்கு எந்த அமைச்சரும் தூக்கத்திலேயே விடை சொல்வார். நானுஓயாவிலிருந்து ரதல்லைக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி, ஒரு கட்டத்தில் பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. சிறிய கியரில்தான் இறங்க வேண்டும். கொழும்பிலிருந்து சுற்றுலாவுக்கு வரும் சாரதிக்கு இதை யார் சொல்வது? எந்தெந்த வளைவில் இரும்புத் தடுப்பு இல்லை, எந்தத் திகதிக்குள் போடுவீர்கள்? அப்படிக் கேட்டுப் பாருங்கள், அமைச்சர் நழுவ முடியாது.

லிந்துலை வாசகி:
அமைச்சரின் விடையைத் தொடர்ந்து உறுப்பினர் கேட்கும் மேலதிக வினா இருப்பதே அதற்குத்தானே ஐயா. பலர் அந்த நேரத்தைத் தலைவருக்கு நன்றி சொல்லியே தீர்த்துவிடுகிறார்கள்.

மஸ்கெலியாக்காரன்:
தோட்டப் பாதைக்கு யாரைக் கேட்பது? கொழுந்து லொறி போகும்போது அது கம்பனியின் பாதை. பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிய முச்சக்கரவண்டி சேற்றில் புதையும்போது அது யாருடைய பாதையும் இல்லை.

லிந்துலை வாசகி:
2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு பிரதேச சபையின் நிதியைத் தோட்டத்துக்கும் செலவிடலாம். 2025 மே மாதம் சபைகளுக்குத் தேர்தலும் நடந்தது. வட்டார உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.

மஸ்கெலியாக்காரன்:
பார்த்தோம் தங்கச்சி. நிதி இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள் என்றார்.

லிந்துலை வாசகி:
அதை எழுத்தில் தரச் சொன்னீர்களா?